நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் சதுரம்

பெரிய அத்தைக்கு அன்பும் மரியாதையும் கலந்த வணக்கம். இங்கே நான் பத்து விரல்களோடும் நலம். எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அங்கே உங்கள் முழங்கால் மாடிப்படிக்கு ஒத்துழைக்கிறதா என்று தெரிவிக்கவும். மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும், ஆனால் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

விஷயம் இதுதான். இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. பொறியியலை விட்டுவிட்டு இதே வளாகத்தில் இயற்பியல் பட்டப்படிப்புக்கு மாறுவதற்கான படிவம். இருபதாம் தேதிக்குள் அப்பாவின் கையெழுத்தோடு கொடுக்க வேண்டும். என்னால் அவரிடம் கேட்க முடியாது. அவரை இன்னும் "டேய்" என்று கூப்பிடும் உரிமை உலகத்திலேயே உங்களுக்கு மட்டும்தான் இருக்கிறது. நான் சேர்ந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் "இன்ஜினீயர் வரட்டும், பாத்துக்கலாம்" என்று சொல்லிச் சொல்லி, நின்றுபோன மிக்ஸி, இரைச்சல் மட்டும் போடும் ரேடியோ, மாடிவீட்டுக்காரரின் இஸ்திரிப் பெட்டி எல்லாவற்றையும் என் கட்டில்மேல் அடுக்கி வைத்திருக்கிறார். போன விடுமுறையில் நான் தரையில் படுத்தேன்.

ஏன் மாறுகிறாய் என்று கேட்பீர்கள். பள்ளியில் இரண்டு வருடம் இயற்பியல் படித்தேன் அல்லவா, அதில் பாதிக் கணக்குகள் "உராய்வைப் புறக்கணிக்க" என்றுதான் முடியும். நானும் மரியாதையாகப் புறக்கணித்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினேன். இங்கே வந்த முதல் வாரமே பட்டறை வகுப்பில் ஐம்பது மில்லிமீட்டர் இரும்புத் தகடு ஒன்றையும் ஓர் அரத்தையும் கொடுத்து, ராவி ராவி நாற்பத்தெட்டு மில்லிமீட்டர் சதுரமாக்கு என்றார்கள். அதாவது உராய்வைத் தவிர வேறொன்றுமே கிடையாது. மூலைமட்டத்தைத் தகட்டில் பொருத்தி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தால் இடுக்கில் வெளிச்சம் தெரியக் கூடாது. எனக்குச் சூரியனே தெரிந்தது. ஒரு பக்கத்தைச் சரிசெய்தால் அடுத்த பக்கம் கோணிக்கொள்கிறது, அதைச் சமாதானப்படுத்தினால் முதல் பக்கம் முறைத்துக்கொள்கிறது, இப்படியே நாற்பத்தேழு, நாற்பத்தைந்து, நாற்பத்திரண்டு என்று போயிற்று. பட்டறை மாஸ்டர் வந்து பார்த்தார்.

"ஏம்மா, சதுரம் பண்றியா, இல்ல இரும்பையே ஒழிச்சுக் கட்டுறியா?"

"இன்னும் கொஞ்சம்தான் சார்..."

"இன்னும் கொஞ்சம் போனா மூக்குத்தி ஆயிடும். போட்டுக்கிட்டு வா."

பக்கத்து மேசைக்காரி சிரித்த சிரிப்பில் அவள் அரம் கீழே விழுந்தது.

அன்று அறைக்குப் போய் நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அரம் முன்னே போகப்போக இரண்டு கைகளின் விசையும் எப்படி மாற வேண்டும், மாறாவிட்டால் தகட்டின் ஓரம் ஏன் உருண்டுபோகிறது என்று திருப்புவிசைக் கணக்குப் போட்டு, இரண்டு பக்கம், படத்தோடு, மறுநாள் தகட்டுக்குப் பதிலாக அதைக் கொடுத்தேன். மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். "கணக்கு சரியாத்தான் இருக்கு. கைகிட்ட சொன்னியா?" என்றார். அத்தை, அந்த நிமிஷமே முடிவு பண்ணிட்டேன். எனக்குத் தாள் போதும். விளையாட்டாகச் சொல்லவில்லை. ஒன்று ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்வதில் எனக்கு இருக்கும் சந்தோஷம், அதை நடத்திவைப்பதில் வருமென்று தோன்றவில்லை. இதை அப்பாவுக்கு உங்கள் பாஷையில் சொல்லுங்கள்.

மாத்திரையை மறக்காதீர்கள். உங்கள் வாழ்த்து எப்போதும்போல் என் பக்கம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன், தகட்டைத் திருப்பிக் கொடுக்க இன்று காலை பட்டறைக்குப் போனேன். மாஸ்டர் இன்னும் வரவில்லை. சும்மா நிற்பானேன் என்று அரத்தை எடுத்தேன். எப்போது முன்கை தளர்ந்தது, எப்போது பின்கை அழுத்தியது என்று எனக்கே தெரியாது. ஒரு மணி நேரம் கழித்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தால் இருட்டு. நான்கு மூலையும் இருட்டு! மாஸ்டர் வந்து அளந்தார். முப்பத்தொன்பது. நோட்டில் பூஜ்யம் போட்டார். பிறகு மூலைமட்டத்தை வாங்கி இரண்டு தடவை வெளிச்சத்தில் பார்த்தார். புதுத் தகடு ஒன்றை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். நான் அதை மேசையின் இரும்புப் பிடியில் இறுக்கி மாட்டிவிட்டேன். ஆகவே அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம், படிவத்தைக் கிழித்துவிடுங்கள். இல்லை, வேண்டாம், இருபதாம் தேதிவரை பீரோவில் இருக்கட்டும். பதினெட்டாம் தேதி வெல்டிங் ஆரம்பம்.