முடியாட்டி முடி

பூம்பாறை சேனாதிபதிக்குக் கோவம் வரப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம். பஸ் அஞ்சு நிமிசம் பிந்தினாலும் கோவம், முந்தினாலும் கோவம். ஆனால் அந்த வாரம் பூராவும் அவர் கத்தினது ஒரே ஆளைப் பார்த்துத்தான். அந்த ஆளுக்கு நாலு இரும்புக் கால், தலைக்கு மேல் ஒரு புகைக்குழாய், வயிற்றில் ஒரு கதவு.

அடுப்பு!

கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவை இடித்துக்கொண்டிருந்தார்கள். பூண்டு மூட்டை இறக்கப் போன மனுசன், குப்பையோடு கிடந்த நிலக்கரி அடுப்பைப் பார்த்து மயங்கிவிட்டார். நாலு ஆளை வைத்துத் தூக்கி வேனில் ஏற்றி, வீட்டு முன்னறையில் கொண்டுவந்து நிறுத்தினார். அங்கிருந்த கொத்தனார் ஒரே ஒரு பாடம் சொல்லி அனுப்பியிருந்தார். "கரி நல்லாப் பிடிச்சதுக்கு அப்புறம் தீ நீலமா நிக்கணும். மஞ்சளா நின்னா எங்கயோ கோளாறு."

அந்தப் பாடத்தைச் சேனாதிபதி ஊருக்கே நடத்தினார். பக்கத்து வீட்டுத் திருமலைச்சாமியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்து, "பாருய்யா, மயில் கழுத்து மாதிரி நீலம்!" என்று காட்டினார். மூணு நாள் அப்படித்தான் எரிந்தது.

நாலாம் நாள் வெள்ளிக்கிழமை. அவர் சம்சாரம் பாப்பம்மாள், "ஊர்க்கண்ணு பூராம் இதுமேலதான் கெடக்கு" என்று கை நிறையக் கல் உப்பும் நாலு மிளகாயும் எடுத்தாள். அடுப்பை மூணு சுற்று, புருசனை மூணு சுற்று சுற்றித் தீயில் போட்டாள். படபடவென்று வெடித்தது.

"பாத்தீங்களா, எம்புட்டுக் கண்ணு!"

மிளகாய் நெடியில் இருமிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார் சேனாதிபதி. தீ மஞ்சளாக நின்றது.

"ஐயையோ, நீலம் எங்கடி?"

பாப்பம்மாள் தீயைப் பார்த்தாள். தன் கையில் ஒட்டியிருந்த உப்பைப் பார்த்தாள். கையைத் தட்டிவிட்டு உள்ளே போனாள்.

அது ஒரு கோவம். அடுத்த கோவம் ரெண்டு நாளில் வந்தது. பத்து நாளைக்கு வரவேண்டிய கரி மூட்டை அதற்குள் பாதியாகக் கிடந்தது. சேனாதிபதி தரையில் குப்புறப் படுத்து அடுப்பின் அடிவயிற்றைத் தடவினார். சாம்பல் தட்டு மூடாமல் ஒரு விரல் அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தார். உள்ளே ரெண்டு உருண்டை.

"ஏ பாப்பம்மா! இது என்ன?"

"உருளைக்கெழங்குங்க."

"அது தெரியுது! இங்க ஏன் கெடக்கு?"

"வேகுறதுக்குத்தான்."

"கீழ தொறந்து கெடந்தா அடியில காத்து ஏறும். காத்து ஏறுனா கரி காயிதம் மாதிரி எரிஞ்சு போகும். ஒன் ரெண்டு கெழங்கு வேக என் அரை மூட்டைக் கரியாடி?"

"கரி போனதுக்கு இம்புட்டுக் கத்துறீங்களே, இந்த வீட்டுல கறி எடுத்து ரெண்டு மாசமாச்சு. அதுக்கு ஒருத்தரும் கத்தக் காணோம்."

கிழங்கை வெளியே எறிந்து தட்டை ஓங்கி உதைத்து மூடினார். மறுநாளே கரி அடங்கி எரிந்தது. சேனாதிபதிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வாசலில் நின்ற திருமலைச்சாமியிடம், "வேகத்தைப் பிடிச்சுட்டேன்யா. இனி நெறத்தைப் பிடிக்கிறதுதான் பாக்கி" என்றார்.

"பிடிக்க முடியாட்டி, மாமா?"

"முடியாட்டியா? எனக்கா?"

உள்ளேயிருந்து பாப்பம்மாள் குரல் வந்தது. "முடியாட்டி முடி!"

இந்த முடி விவகாரத்தைச் சொல்லவேண்டும். சேனாதிபதிக்கு வயசு அம்பத்தஞ்சு. அவர் தலைமுடிக்கு இருபத்தஞ்சு. சுருள் சுருளாக, ஞாயிறு தவறாமல் மை பூசி, சீப்பைச் சட்டைப்பையில் வைத்துக் காத்துவந்த முடி. போன வருசம் பூண்டுக்காட்டில் காட்டெருமை துரத்தி, பேரிக்காய் மரத்தில் ஏறித் தப்பித்தார். அன்றைக்கே பாப்பம்மாள் அவர் முடியைப் பழனி முருகனுக்கு நேர்ந்துவிட்டாள். "ஓடுனது நானு, நேந்தது நீ, முடி மட்டும் என்னோடதா?" என்று ஒரு வருசமாக நழுவிக்கொண்டிருந்தார்.

இப்போது கோவத்தில் வாய் நழுவிவிட்டது.

"சரிடி! வர்ற வெள்ளிக்குள்ள தீயை நீலமாக்க முடியாட்டி, பழனிக்குப் போய் முடிய எறக்குறேன். திருமலை, நீ சாட்சி!"

அன்றிலிருந்து அந்த வீட்டில் ரெண்டு அதிசயம். சேனாதிபதி அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் அடுப்பு படபட என்று வெடிக்கும். சாப்பிட உட்கார்ந்தால் எதிலும் உப்பு இருக்காது.

"என்னடி ரசம் இது? பச்சைத் தண்ணி!"

"கோவப்படுறவங்களுக்கு உப்பு ஆகாதுங்க. பிரசர் ஏறிரும்."

"எனக்கு எங்கடி கோவம்?" என்று கத்தி, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

படபடச் சத்தத்துக்குக் காரணம் ஈரக்கரிதான் என்று முடிவுகட்டினார். பஸ் ஏறிப் பெருமாள்மலைக்குப் போய், கரிக்கடைச் சிவமுருகனைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே, ஈரக்கரியக் குடுத்து ஏமாத்துறியா? தீயில கெடந்து வெடிக்குது! நீ சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?"

"நான் போட்டுத்தாங்க திங்கிறேன். உங்க வீட்டுல எப்படி?"

சேனாதிபதி பஸ்ஸைப் பார்த்து நடந்தார். ரெண்டு நாளாக அவர் வீட்டில் உப்பே இல்லையே! அந்தக் கோவத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு வீடு திரும்பினார்.

வியாழக்கிழமை கூரைமேல் ஏறிப் புகைக்குழாயைக் குடைந்தார். ஒரு கூடை புல், ஒரு குருவிக்கூடு, ரெண்டு சட்டி கரிப்பிசுக்கு வந்தது. முகம் அடுப்பைவிடக் கறுத்துவிட்டது. மேலேயிருந்து கத்தினார்.

"ஏ பாப்பம்மா! நீலம் வந்துச்சா?"

"வந்துச்சுங்க! நல்லா நீலம்!"

"போகவிடாத, பிடிச்சு வை! வெரசா எறங்குறேன்!"

ஏணியில் பாதி இறங்கும்போதே உள்ளே படபட. கதவைத் திறந்தால் மஞ்சள்.

"நீங்க வர்றதுக்குள்ள போயிருச்சுங்க" என்றாள் பாப்பம்மாள், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே.

அடுப்பை எட்டி ஓர் உதை விட்டார். இரும்புக்கு என்ன? பெருவிரல்தான் வீங்கியது.

வெள்ளி வெள்ளனே திருமலைச்சாமி குளித்து, திருநீறு பூசி, சாட்சியாக வந்து நின்றார். தீ மாம்பழ நிறத்தில் நின்றது. பாப்பம்மாள் முந்தின நாளே பையைக் கட்டி வைத்திருந்தாள்.

பழனியில் கத்தி பட்டதும் சேனாதிபதி கண்ணை மூடிக்கொண்டார். சுருள் சுருளாக மடியில் விழுந்தது. தலையில் சந்தனம் பூசினார்கள். "அழகா இருக்கீங்க" என்றாள் பாப்பம்மாள். மலையேறி வீடு வந்து சேர்வதற்குள் பனி அவர் மண்டைக்குள் குடியேறிவிட்டது.

துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, அடுப்பைப் பற்றவைத்து முன்னால் உட்கார்ந்தார். கரி பிடித்தது. கொஞ்ச நேரம் புகைந்தது. அப்புறம் தீ நிமிர்ந்து நின்றது.

நீலம். மயில் கழுத்து நீலம்.

துண்டு நழுவ நழுவக் குனிந்து பார்த்தார். பாப்பம்மாள் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றினாள். ஒரு வாய் வைத்தார். கை அப்படியே நின்றது.

குழம்பில் உப்பு இருந்தது. கணக்காக இருந்தது.

சேனாதிபதி குழம்பைப் பார்த்தார். தீயைப் பார்த்தார். உப்புச் சாடியைப் பார்த்தார். ஒரு வாரத்துப் படபட மொத்தமும் சேர்ந்து இப்போது அவர் மண்டைக்குள் வெடித்தது.

"அடிப்பாவி! உப்பு! நீ தீயில உப்பைப் போட்டுத்தான் மஞ்சளாக்குனியா? நான் கூரை ஏறி, குழாயக் குடைஞ்சு, ஒரு யோக்கியமான கரிக்கடைக்காரன வஞ்சுட்டு வந்தேனேடி! என் முடியக் குடு! இனி இந்த ஜென்மத்துக்கு ஒருத்தனும் என் தலையில கை வைக்க முடியாது!"

பாப்பம்மாள் அவர் தலையில் நழுவிய துண்டைச் சரிசெய்து, இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

"அப்படிச் சொல்லாதீங்க, சாமி குத்தமாயிரும். அந்தக் காட்டெருமைக்கு ரெண்டு கொம்பு. கொம்புக்கு ஒரு மொட்டைன்னுதான் நேந்திருக்கேன்."