கோழித் துண்டில் அளந்த துறைமுகங்கள்

பெண் பார்க்கப்போன வீட்டில் பெண்ணின் வாப்பாவைப் பார்த்து, "நீங்கதான் பெரிய துறைமுகம்" என்று சொன்னவன் நான். அதுவும் சாப்பாட்டுக்கு நடுவில்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள். கொழும்பில் முதுமாணிப் படிப்பு. கொழும்புத் துறைமுகமும் அக்கம்பக்கத்து நாட்டுத் துறைமுகங்களும் கொள்கலன்களை எப்படிப் பங்குபோடுகின்றன என்பது என் ஆய்வு. ஒவ்வொருவர் பங்கையும் அந்தப் பங்காலேயே பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். விடை பெரிதென்றால் ஒருவரே அள்ளுகிறார். சிறிதென்றால் நல்ல போட்டி. (இவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்கு நூற்றிருபது பக்கம் தேவைப்பட்டது.)

பெண் ஷிபானா, மாம்புரியில் கணக்கு டீச்சர். அவள் வாப்பா மீன் பிடிக்கும் கரைவலைக்கு முதலாளி. ஒரே சஹனை, அந்தப் பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்தோம்: நான், என் வாப்பா, முதலாளி, அவர் தம்பி, இன்னும் இரண்டு சொந்தக்காரர்.

"தம்பி துறைமுகத்தில என்னத்த அளக்கிறீங்க? ஆழத்தையா?" என்றார் முதலாளி.

"இல்ல மாமா, போட்டிய."

"அத எப்படி அளக்கிற?"

வாப்பா என் தொடையைக் கிள்ளினார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துவிட்டேன்.

"இந்தச் சஹன்ல பத்துக் கோழித் துண்டு. மாமா ஆறு சாப்பிட்டீங்க. ஆறாறு முப்பத்தாறு. மத்த நாலு பேரும் ஒவ்வொண்டு, அது நாலு. மொத்தம் நாப்பது. ஆறு பேரும் சமனாச் சாப்பிட்டிருந்தா கிட்டத்தட்டப் பதினேழுதான் வரும். நீங்கதான் பெரிய துறைமுகம்!"

ஒருவரும் மெல்லவில்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "சின்னத் துறைமுகங்கள் ஒண்டா சேர்ந்தா பெரிசை மடக்கலாம்" என்று அவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தேன்.

"நானா! இதத்தானே நான் இவ்வளவு காலமும் செல்றன்!" என்று தம்பி தன் அண்ணனைப் பார்த்து எழும்பினார். "கரையில நல்ல இடமெல்லாம் உங்கட வலைக்குத்தான்!"

"யாருடா சின்னத் துறைமுகம்? வாயப் பொத்து!"

சோற்றுக் கைகள் காற்றில் ஆடின. என் சட்டையில் குழம்பு தெறித்தது. கடைசி இனிப்பான வட்டிலப்பம் அடுப்படிக் கதவு வரை வந்து திரும்பிப் போனது. வாப்பா என் கையைப் பிடித்து வேனுக்கு இழுத்தார். வேன் நேரே புத்தளத்துக்கு, எங்கள் வீட்டுக்குத் திரும்பியது.

சம்பந்தம் முறிந்தது என்றே இருந்தோம். மூன்றாம் நாள் ஷிபானா போன் எடுத்தாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"கணக்கு சரிதான். ஆனா அதில உங்கட பங்கு பூச்சியம். ஒரு துண்டும் சாப்பிடல்லையே, பசிக்கல்லையா?"

இப்போது எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். விருந்தென்றால் முதல் துண்டை மாமா என் பக்கம் தள்ளி, "அளவு சரியா, மருமகன்?" என்பார். வீடே சிரிக்கும்.

அவர் தம்பி மட்டும் இன்னும் வேறு சஹனில்தான் உட்காருகிறார்.