கோணூசியார் தைத்த வெறும்பெட்டி

கடல் கடந்து இந்தியாவுக்குக் குடிபெயரும் ஒரு குடும்பம் என்னென்ன கட்டிக்கொண்டு வரவேண்டும் என்பதை ஐயந்திரிபற அறிந்தவர் இவ்வுலகில் ஒருவரே இருந்தார். அவர் கொழும்புப் புறக்கோட்டையில் சாக்கு வணிகம் செய்த கோணூசியார். கப்பல்காரர்களும் புகைவண்டி அதிகாரிகளும் கடலிலேயே நரைத்த மாலுமிகளும் அறியாததை அவர் அறிந்திருந்தார். அவ்வறிவு முழுவதையும் திரட்டிப் பிழிந்தால் ஒரே ஒரு சொல்தான் சொட்டும்: 'வேண்டாம்.'

சாக்குத் தைக்கும் பெரிய ஊசிக்குக் கோணூசி என்று பெயர். அதைத் தம் தலைப்பாகையில் செருகியே அவர் வாழ்ந்தார். இயற்பெயர் யாது என்று எனக்குத் தெரியாது. அவருக்கே நினைவிருந்ததா என்பதும் ஐயமே. ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கும் ஊசியோடுதான் வருவார். செபத்தின்போது அவர் தலை தாழ்த்தினால் முன்வரிசையில் இருப்பவர்கள் தத்தம் பின்கழுத்தைக் கையால் மூடிக்கொள்வார்கள். இறைவனுக்கு அஞ்சாத சிலரும் அந்த வரிசையில் மிகுந்த பயபக்தியோடு காணப்பட்டனர்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில் நான் கொழும்பில் தமிழாசிரியனாக இருந்தேன். தேயிலைத் தோட்டங்களிலும் பள்ளிகளிலும் மருந்தகங்களிலும் வேலை பார்த்த நாஞ்சில் நாட்டார் அந்நாளில் அங்கே பலர். அவர்களில் எவர் ஊர் திரும்பினாலும் மூட்டை கட்டும் பொறுப்பைக் கோணூசியார் தாமே ஏற்றுக்கொள்வார். யாரும் அவரை அழைத்ததில்லை. புறப்பாடு பற்றிய பேச்சு வீட்டுக்குள் எழுந்த மறுநாளே வாயிலில் அவருடைய இருமல் கேட்கும்.

இளமையில் ஊரைவிட்டு வந்தவர், இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் திரும்பிப் போனதில்லை. ஆகவே அவருடைய நாஞ்சில் நாட்டில் எந்தக் குறையும் நுழைய வழியில்லாதிருந்தது. மருந்தகத்தில் கலவையாளராக இருந்த நம்மவர் ஒருவர் கொசுவலையை மடித்து வைத்தபோது கோணூசியார் அதை உருவி வெளியே போட்டார்.

"நம்ம ஊருக்கு வலை எதுக்கு வே?"

"கொசு கடிக்காதா அண்ணாச்சி?"

"கடிக்கது கொளும்புக் கொசு. நம்ம ஊரு கொசுவுக்கு ஆளு தெரியும். வந்து, யாருன்னு பாத்துட்டு, அதும் பாட்டுக்குப் போவும்."

கண்டித் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் சாய்வு நாற்காலி ஒன்றைக் கொண்டுபோக விரும்பினார். கோணூசியாருக்கு ஒரு விதி உண்டு: புறப்படுமுன் குடும்பத்தார் அனைவரும் தத்தம் சுமையைத் தாமே தூக்கிக்கொண்டு தெருவை ஒருமுறை சுற்றி வரவேண்டும், தூக்க முடியாதது ஊருக்குப் போகாது. கணக்கப்பிள்ளை நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு நடந்தார். பாதித் தெருவில் வழி தெரியாமல் ஒரு தையற்கடைக்குள் புகுந்தார். உள்ளேயிருந்து அவரை மீட்டெடுத்த கோணூசியார், "வயலு கெடக்கு, வரப்பு கெடக்கு, ஆத்தங்கரை கெடக்கு. இருக்கதுக்கு அங்க எடமா இல்ல?" என்று கேட்டு நாற்காலியைத் தம் கைவண்டியில் ஏற்றினார்.

இப்படி விலக்கிய பொருள்களையெல்லாம், "எங்கிட்ட கெடக்கட்டும்" என்று சொல்லித் தம் கிடங்குக்குத் தள்ளிக்கொண்டு போவார். அப்புறம் அவற்றை எவரும் கண்டதில்லை. அவற்றை விற்பதே அவருடைய இரண்டாவது வணிகம் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள்.

விலக்குவதற்கு ஈடாக அவர் ஒன்று சேர்ப்பார். புதிய ஓலைப்பெட்டி; உள்ளே ஒன்றும் இராது. அதன்மேல் சாக்கைப் போர்த்தி, ஒரு படைக்கலத்தைக் காப்பதுபோல் நெருக்கமாகத் தையலிட்டுத் தருவார்.

"வெறும்பெட்டி ஒண்ணு இல்லாம ஒருத்தரும் நம்ம நாட்டுக்குள்ள காலு வைக்கப்படாது. எல்லாத்தையும் நெறச்சுக் கெட்டிக்கிட்டுப் போனா, ஊர்ல ஒண்ணுமே இல்லன்னு நெனச்சு வந்தவன்னு ஆகும்லா? அது ஊருக்குக் கொறச்சல்."

என் முறையும் வந்தது. நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. தோவாளைக்கு அருகில் இருந்த எங்கள் வீட்டுக்கு மனைவியோடும் இரண்டு பெண்மக்களோடும் குடிபெயர வேண்டும். என் மனைவி அருளம்மையின் பெற்றோர் நாஞ்சில் நாட்டார். ஆனால் அவள் பிறந்தது கொழும்பில். இந்தியாவை அவள் கண்டதில்லை. அவளைப் பொறுத்தவரை அது அயல்நாட்டுப் பயணம்.

அயல்நாட்டைவிட அவளை அச்சுறுத்தியது என் அக்கா. எங்கள் வீட்டை ஆண்டவள் அவள். எனக்கு வேறு பெண் பார்த்திருந்தவளும் அவளே. நான் கொழும்பிலேயே மணந்துகொண்டதை அவள் மன்னிக்கவில்லை. ஊரிலிருந்து வருவோர் வழியாக அவளுடைய சொல் ஒன்று கடல் தாண்டி வந்துவிட்டது: "வரட்டும் கொளும்புக்காரி. நம்ம வீட்டு அடுப்பு அவ ஊதுனாப் பத்துதான்னு பாப்போம்."

அருளம்மை இதற்கு விடையாக ஒரு பெட்டியை அடுக்கினாள். சீமைக் கடிகாரம், கண்ணாடி விளக்கு, நான்கு குடைகள், கொசுவலை, எல்லாவற்றுக்கும் நடுவே அவள் தாய் தந்த நீலப்பூப் போட்ட பீங்கான் தேநீர்க் கோப்பைகள். இவற்றைப் பார்த்தவுடன் அக்கா வாயடைத்துப்போவாள் என்பது திட்டம்.

கோணூசியார் வந்தார். இருமினார். குனிந்து பார்த்தார்.

"கொடை எதுக்கு மக்கா?"

"மழைக்கு அண்ணாச்சி."

"நம்ம ஊரு மழை சொல்லிட்டுத்தான் வரும்." குடைகள் வெளியேறின.

அடுத்து என் நிகண்டைத் தூக்கிப் பார்த்து, "இது என்ன வே, ஆட்டுக்கல்லா?" என்றார். நிகண்டு என்றேன்.

"மனப்பாடமா இருக்கா?"

"இருக்கிறது."

"பொறவு எதுக்குச் சுமக்கீரு?"

"எல்லாம் இல்லை, சில பகுதிகள் மறந்துவிட்டன."

"மறந்ததச் சுமந்து என்னத்துக்கு?" நிகண்டும் வெளியேறியது. கடிகாரமும் விளக்கும் கொசுவலையும் பின்தொடர்ந்தன.

கோப்பைகளில் அவர் கை வைத்தபோது அருளம்மை பெட்டியின்மேல் குனிந்து இரு கைகளாலும் மூடிக்கொண்டாள். "இது எங்க அம்மா தந்தது. இதத் தரமாட்டேன் அண்ணாச்சி. இவங்க அக்கா முன்னால நான் கையை வீசிக்கிட்டுப் போய் நிக்க மாட்டேன்."

கோணூசியார் தலைப்பாகையிலிருந்து ஊசியை உருவினார். கோபம் வந்தாலும் பாசம் வந்தாலும் அவர் செய்வது அதுவே. எது வந்திருக்கிறது என்பது அடுத்த சொல்லில்தான் தெரியும். "மக்கா, நீ போறது கண்காட்சிக்கா, குடியிருக்கதுக்கா?" என்று கேட்டார். அவள் பெட்டியின்மேலிருந்து கைகளை எடுத்தாள். கோப்பைகள் வைக்கோலோடு கைவண்டியில் ஏறின. வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துவிட்டு அவள் சொன்னாள்: "நாளைக்கே வித்துருவாரு."

தனுஷ்கோடி வழியாக வந்து, திருநெல்வேலியில் பேருந்து ஏறினோம். ஆரல்வாய்மொழிக் கணவாயை நெருங்கியபோது, முன்னறிவிப்பு ஏதுமின்றி மழை பெய்தது. பேருந்தின் பக்கங்களில் மறைப்பு இல்லை. நால்வரும் நனைந்தோம்.

கணவாயில் திருவிதாங்கூர்ச் சுங்கச் சாவடி. புகையிலையைப் பொதிக்குள் மறைத்து வருவோர் உண்டாதலால் அதிகாரி ஒவ்வொரு மூட்டையையும் தட்டிப் பார்த்து வந்தார். கோணூசியாரின் தையலைக் கண்டதும் அவர் கண்கள் ஒளிர்ந்தன.

"எந்தா இதில்?"

"ஒண்ணுமில்லை" என்றேன்.

"ஒண்ணுமில்லாத்த பெட்டிக்கு இத்தற தையல் எதுக்கு?"

தையலைப் பிரிக்க அவருடைய கத்தி போதவில்லை. ஓட்டுநரின் கத்தியும் வாங்கப்பட்டது. பயணிகள் சூழ்ந்துகொண்டார்கள். இறுதியில் பெட்டி திறந்தது. அதிகாரி உள்ளே பார்த்தார். கையை விட்டுத் துழாவினார். கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை என்பதை உறுதி செய்துகொள்ள இன்னொரு முறை கவிழ்த்தார். வெறுமையைக் கடத்தி வருவோருக்குச் சட்டத்தில் இடம் இல்லாமையால் எங்களைப் போகவிட்டார்.

அப்போது பின்னிருக்கையில் இருந்த தோவாளைப் பூக்காரி வாய்விட்டுச் சிரித்தாள். விற்று மீந்த பூவோடு ஊர் திரும்புகிறவள். அருளம்மையின் மடியில் இருந்த பெட்டியை எட்டிப் பார்த்து, "வெறும்பெட்டியா மக்கா ஊருக்குள்ள போறது? நல்லாருக்கே!" என்று கூடையிலிருந்து இரு கையளவு பிச்சிப்பூவை அள்ளி உள்ளே போட்டாள். எங்கிருந்து வருகிறோம், என்ன பெயர் என்று எதுவும் அவள் கேட்கவில்லை.

வீட்டு வாயிலில் அக்கா நின்றாள். அவளுக்குப் பின்னால், கொழும்புச் செல்வத்தைக் காணத் தெருப்பெண்கள் திரண்டிருந்தார்கள். நனைந்த நால்வரையும் சில மூட்டைகளையும் அக்கா மேலும் கீழும் பார்த்தாள்.

"இம்புட்டுத்தானா மக்கா? மத்தது வண்டியில பொறவால வருதா?"

"இல்லை அக்கா. இவ்வளவுதான்."

அக்கா பல மாதங்களாகத் தீட்டி வைத்திருந்த சொற்கள் அத்தனையும் கடிகாரத்தோடும் கண்ணாடி விளக்கோடும் வரப்போகும் ஒருத்திக்கு உரியவை. ஓலைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு குளிரில் நடுங்குகிற ஒருத்திக்கு அவளிடம் சொல் தயாராக இல்லை. அருளம்மைதான் முதலில் பேசினாள். அவள் குரல் எனக்கே அரிதாகத்தான் கேட்டது.

"மைனி, பிள்ளைகளுக்குப் பசிக்குது. அடுப்புப் பத்த வைக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. இந்தப் பெட்டிதான் இருக்கு."

அக்கா பெட்டிக்குள் பார்த்தாள். பூவைப் பார்த்தாள். பிறகு திடீரெனத் தெருவை நோக்கித் திரும்பினாள்.

"என்னட்டி வாயைப் பாத்துக்கிட்டு நிக்கிய? எங்க வீட்டுப் பிள்ள வெறும்பெட்டியோட நிக்கா. ஒரு தேங்கா எடுத்துட்டு வரத் தெரியாதா ஒருத்திக்கும்?"

எங்கள் வீட்டுப் பிள்ளை! அருளம்மை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இன்றும் மறக்கவில்லை. அதற்குப் பின் அந்தத் தெருவில் நடந்ததை வருணிக்க என் நிகண்டு கையில் இருந்தாலும் போதாது. அரிசி வந்தது, தேங்காய் வந்தது, கருப்பட்டி, மரச்சீனிக் கிழங்கு, மட்டிப்பழக் குலை எல்லாம் வந்தன. ஒரு வீட்டிலிருந்து எரியும் கொள்ளியே வந்தது. ஆகவே அடுப்பை ஊதவேண்டிய தேர்வும் நடைபெறவில்லை. செல்வத்தைக் காட்டி நின்றிருந்தால் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். கேட்டதனால் உறவானார்கள். பெட்டியை நிறைத்துத் தந்தவர்களிடம் அதை வெறுமையாக அனுப்பும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இல்லை. அருளம்மை அதே அரிசியையும் தேங்காயையும் கருப்பட்டியையும் கொண்டு கொழும்பு முறையில் தொதல் என்னும் இனிப்பைக் கிண்டி, பெட்டியை வீடு வீடாக அனுப்பினாள். அக்கா ஒரு துண்டை வாயில் இட்டு, நெடுநேரம் மென்று, "கொள்ளாம்" என்றாள்; 'நன்று' என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல் அது. பிறகு யாரும் பார்க்கவில்லை என்று எண்ணி இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டாள்.

அன்று படுத்தபின், கொசுக்கள் வந்தன. யார் என்று பார்த்துவிட்டுப் போகவில்லை.

முப்பதுகளில் வணிகம் சரிந்தது. தோட்டங்களிலிருந்தும் கடைகளிலிருந்தும் நம்மவர்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒருநாள் முற்பகலில் எங்கள் தெருவுக்குள் இரண்டு மாட்டுவண்டிகள் முக்கி முனகிக்கொண்டு நுழைந்தன. சாக்குப் பொதிகள் கூரையளவு உயர்ந்திருந்தன. உச்சியில் ஒரு சாய்வு நாற்காலி; அதில் சாய்ந்தபடி, தலைப்பாகையில் ஊசி மின்ன, கோணூசியார்.

"என்ன அண்ணாச்சி இது? ஒன்றும் வேண்டாம் என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு நீங்கள் ஊரையே கட்டி வந்திருக்கிறீர்களே!"

"எனக்கு உள்ளது இதான் வே" என்று மடியிலிருந்த ஓலைப்பெட்டியைத் தட்டிக் காட்டினார். "மத்ததெல்லாம் ஊரான் சொத்து."

உண்மை அதுதான். இத்தனை ஆண்டுகளாக எங்கள் எல்லோரிடமிருந்தும் விலக்கிய ஒவ்வொன்றையும் அவர் கிடங்கில் காத்து வைத்திருந்தார். சாவடி அதிகாரி மற்றப் பொதிகளையெல்லாம் பிரித்துப் பார்த்தாராம். ஓலைப்பெட்டியின் தையலைக் கண்டதும் மட்டும், "இது ஒண்ணுமில்லாத்த பெட்டியல்லே?" என்று கைகூப்பி அனுப்பிவிட்டாராம். நாற்காலி சுசீந்திரத்தில் இருந்த கணக்கப்பிள்ளையிடம் போய்ச் சேர்ந்தது. கொசுவலை பேச்சிப்பாறைப் பக்கம் குடியிருந்த மருந்துக் கலவையாளரைத் தேடிப் போனது. என் நிகண்டும் வந்தது. மறந்தவை மறந்தவையாகவே அதில் இருந்தன.

நீலப்பூக் கோப்பைகளை அருளம்மை ஒவ்வொன்றாக வைக்கோலிலிருந்து எடுத்தாள். ஒன்றிலும் கீறல் இல்லை.

"அண்ணாச்சி, நீங்க வித்திருப்பீங்கன்னுல்லா நான் நெனச்சேன்!"

"விக்கதுக்கா? உங்க அம்மா தந்ததுன்னு நீ சொன்னது எனக்கு ஓர்ம இருக்கு மக்கா. அண்ணைக்கே கொண்டு வந்திருந்தா உங்க மைனி இதுல ஒரு சாயா குடிச்சுட்டு, கொள்ளாது, சூடு பத்தாதுன்னு சொல்லியிருப்பா."

"இப்பமும் சொல்லுவேன்" என்றாள் அக்கா உள்ளேயிருந்து. ஆயினும் அன்றுமுதல் அக்கோப்பையில் ஊற்றாத தேநீரை அவள் தொட்டதில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "எங்க பிள்ளைக்க அம்மா குடுத்ததாக்கும். கொளும்புச் சாமான்" என்று காட்டுவாள்.

கோணூசியாருக்கு உறவென்று ஊரில் எவரும் மிஞ்சியிருக்கவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஒரு சிறு வீட்டில் தங்கினார். முதல் வாரத்திலேயே கன்னமெல்லாம் தடித்திருந்தது. கொசுவா என்று கேட்டேன். அவர் ஊசியை உருவிக்கொண்டு என்னை முறைத்தார்.

"கொசுதான். ஆனா இது நம்ம ஊரு கொசு இல்ல வே. பாண்டி நாட்டுல இருந்து கணவாய் வழியா வந்ததாக்கும்."

நாள்தோறும் மாலையில் அவருடைய ஓலைப்பெட்டி எங்கள் வாயிலுக்கு வெறும்பெட்டியாக வந்து நிற்கும். அவர் இருந்தவரை அது ஒருநாளும் அப்படியே திரும்பிப் போனதில்லை.