திரேசா மாமியின் மகனுக்கு நான் போட்ட கோட்டு

வாழ்க்கையில் நான் பிழையே இல்லாமல் செய்து முடித்த வேலை ஒன்றே ஒன்றுதான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது.

போர்நிறுத்தக் காலம். வேலணையில் ஒரு ஸ்ரூடியோவில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டரில் படங்களை வெட்டி ஒட்டவும் பழகியிருந்தேன். (யாழ்ப்பாணத்தில் மூன்று மாத வகுப்பு. நடை மட்டும் முப்பது வருட அனுபவக்காரனுடையது.) தீவுப்பகுதிக் கல்யாணம் என்றால் அண்ணன் கனடாவில், சித்தப்பா சுவிஸில். ஆகவே குடும்பப் படம் எடுக்கும்போது, வரமுடியாதவருக்கு ஓர் ஆள் அளவு இடம் விட்டு நிற்கச் சொல்வோம். பிறகு அவர் அனுப்பும் படத்தை வெட்டி அந்த இடத்தில் வைப்போம். யாரும் அதைப் பொய்யென்று நினைத்ததில்லை.

நாரந்தனை திரேசா மாமியும் மகளின் கல்யாணத்தில் இடம் விட்டுத்தான் நின்றார். ஆனால் அவருடைய மகன் அன்ரன் கனடாவில் இல்லை. எட்டு வருடத்துக்கு முன் பட்டணத்துக்குப் போனவன், திரும்பி வரவில்லை. மாமி அவன் பெயரைக் காணாமற்போனோர் பட்டியலில் பதிந்திருந்தார். மாமியிடம் இருந்தது அவனுடைய அடையாள அட்டைக்கு எடுத்த படம் மட்டும்.

நான்கு நாள் அதோடு கிடந்தேன். நானே கோட்டுப் போட்டு நின்று படம் எடுத்து, என் உடம்பில் அன்ரனின் தலையை வைத்தேன். நிழல், வெளிச்சம், கழுத்துப்பட்டி எல்லாம் அச்சொட்டு. மாமி படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழுதார். நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு, இன்னொன்றைப் பெரிதாக்கிக் கடைக் கண்ணாடிக்குள் மாட்டினேன். தேர்தல் வேலையாக வந்த ஒருவர் அருமையான வேலை என்று சொல்லி ஒரு பிரதி கேட்டார். ஏன் என்றுகூடக் கேட்காமல் இரண்டு கொடுத்தேன்.

அடுத்த கிழமை துண்டுப்பிரசுரம் வந்தது. காணாமற்போனோர் பட்டியல் வெறும் பொய், இதோ ஒருவர் தங்கையின் கல்யாணத்தில் கோட்டுச் சூட்டோடு நிற்கிறார் என்று ஒரு வேட்பாளர் என் படத்தைப் போட்டிருந்தார். அன்ரனின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டச் சொல்லி மனுவும் போய்விட்டது. பெயரை வெட்டினால் அவனைத் தேடச் சொல்லிக் கேட்கிற உரிமையும் மாமிக்குப் போய்விடும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் விசாரணை. கல்யாணத்துக்கு வந்தவர்கள் அன்ரன் வரவில்லை என்றார்கள். சொந்தக்காரர் அப்படித்தான் சொல்வார்கள் என்றார் அதிகாரி. இடம் விட்டு எடுத்த மூலப்படத்தை நான் எப்போதோ அழித்திருந்தேன். கோட்டுக்குள் நிற்பது நான்தான் என்றேன். எழும்பித் திரும்பி நிற்கச் சொன்னார். துணிக்கடைப் பொம்மை மாதிரி ஒரு சுற்றுச் சுற்றினேன். மண்டபம் சிரித்தது.

"நீர் ஒட்டின படமெண்டால் ஒட்டின இடத்தைக் காட்டும் பாப்பம்."

பூதக்கண்ணாடியை வாங்கி மூலை மூலையாகத் தேடினேன். எனக்கே ஒரு பிழையும் தெரியவில்லை. (உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அந்தக் கேவலத்தையும் சொல்லத்தான் வேண்டும்.)

அப்போது மாமி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு எழும்பினார்.

"ஐயா, இவளுக்கு இருபத்திமூண்டு வயசு. அவன் இவளுக்கு மூண்டு வயசு மூப்பு. படத்தில ஆர் மூத்தது எண்டு பாருங்கோ."

எல்லோரும் பார்த்தோம். வளர்ந்த தங்கைக்குப் பக்கத்தில் மீசை அரும்பாத அண்ணன். கழுத்துப்பட்டி மடிப்பைக்கூட விடாமல் பார்த்த என் கண்ணில், அந்தப் பிள்ளைக்கு எட்டு வருடமாக வயது ஏறவில்லை என்பது படவே இல்லை.

அதிகாரி இருவரின் பிறப்புச் சான்றிதழையும் வாங்கிப் பார்த்துவிட்டு, பெயரைப் பட்டியலில் விட்டுவைத்தார். வேட்பாளர் ஒரு மறுப்பும் வெளியிடவில்லை. அவர்மேல் வந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தணியவில்லை, என்மேல் வந்ததும்தான். வெளியே வந்ததும் மாமி என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். மகன் வீட்டுக்கு வரவில்லை என்று நிரூபிக்க உதவியதற்கு நன்றி.

அந்தப் படம் இப்போதும் அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது. நான் போகும்போது யாராவது வந்திருந்தால், என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவார்:

"என்ர பிள்ளையைக் கலியாணத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்ததும் இந்தத் தம்பிதான். அவன் வரேல்லை எண்டு சாட்சி சொன்னதும் இந்தத் தம்பிதான்."

வீடே சிரிக்கும், மாமிதான் முதலில் சிரிப்பார். அந்தப் பகிடிக்குச் சிரிக்க என்னால் இன்னும் முடியவில்லை.