ராகு பிடித்த பால் கவர்

நவக்கிரகங்களின் பிடியிலிருந்து மனித குலத்தையே விடுவிக்கும் மகத்தான திருப்பணி, ஓசூர் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில், செவ்வாய் வெள்ளி மாலை ஆறு முதல் எட்டு வரை நடந்தது. நைட் ஷிப்டுக்குப் போகிறவர்களுக்குத் தனி டோக்கன்.

கிரகராஜ சுவாமிகள் கண்டுபிடித்தது இதுதான்: இரும்பில் சனி, செம்பில் சூரியன், பிளாஸ்டிக்கில் ராகு. வீட்டில் சேர்ந்த பழையதைக் கழுவிக் காயவைத்து, வகைவகையாக மஞ்சள் துணியில் கட்டித் தந்தால், மந்திரம் சொல்லிக் காவிரியில் கரைத்துவிடுவார். காலனியே கழுவியது.

வெங்கடம்மாளுக்கு வயிறு எரிந்தது. அந்த வார்டில் குப்பை வண்டி ஓட்டுபவள் அவள். "பால் கவரைக் கழுவித் தனியா குடுங்கம்மா" என்று நாலு வருஷமாகத் தொண்டை வற்றக் கத்தியிருக்கிறாள். இப்போது அவளுக்கு வருவது ஊசிப்போன சாம்பார் மட்டும்.

"இந்த மாசமும் பிளாஸ்டிக் வரலைன்னா வண்டி வேற வார்டுக்குப் போயிடும். நீ சாக்கடை அள்ளப் போ" என்றார் மேஸ்திரி.

எதிர்வீட்டு ருக்மணியிடம் கேட்டுப் பார்த்தாள். "எனக்குக் குடுக்கக் கூடாதா?"

"நீ ராகுவை எடுப்பியாக்கா?"

"நான் குப்பையை எடுப்பேன்."

"அதான் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை வெங்கடம்மாளும் ஒரு மஞ்சள் மூட்டையோடு வரிசையில் நின்றாள்.

"சாமி, மூட்டையைத் தொட்டே வீட்டைச் சொல்லிடுவீங்களாமே. இது எந்த வீடு?"

சுவாமிகள் தொட்டார். நடுங்கினார். நடுக்கத்துக்குத் தனிக் கட்டணம் இல்லை.

"பாவி வீடு! இந்த வீட்டு ஆம்பிளை பொய் சொல்லி ஊரை ஏய்க்கிறான். ஊர் முன்னால தலைகுனியப் போறான்!"

"பேரு சாமி?"

"பேரைச் சொன்னா ராகு என் மேல ஏறிடுவான்."

கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. வெங்கடம்மாள் முடிச்சை அவிழ்த்தாள். நாலு பால் கவர், ஒரு பிரியாணி டப்பா, ஒரு கூரியர் உறை. உறையை ருக்மணியிடம் நீட்டினாள். "படிம்மா."

"சுரேந்தர்... போன் நம்பர்..." ருக்மணி தலையைத் தூக்கி வாசல் பேனரைப் பார்த்தாள். சுவாமிகளின் திருமுகத்துக்குக் கீழே அதே நம்பர்.

"காலையில இவரு வீட்டு வாசல்ல எடுத்த குப்பை. கழுவினது மட்டும் நான்."

சுவாமிகள் வாக்கு முதல்முறையாகப் பலித்தது. யாரோ பின்னால் திரையை இழுத்தார்கள். காவிரியில் கரைந்த தோஷமெல்லாம் மூட்டை மூட்டையாக, மேலே கிலோ எழுதி, பெங்களூரு காயலான்கடை லாரிக்குக் காத்திருந்தது. சுவாமிகள் காத்திருக்கவில்லை.

மூட்டைகள் வெங்கடம்மாள் வண்டியில் ஏறின. அந்த மாதம் வண்டி தப்பியது.

"பொய்க்குக் கழுவின கைதானே? மெய்க்கும் கழுவுங்க. கொஞ்சம் யோசிச்சா ராகு ஒண்ணும் கோச்சுக்க மாட்டான்" என்றாள். பலமான கைதட்டல்.

மறுநாள் காலை பதினோரு வீடுகளில் பால் கவரைக் கழுவி வைத்திருந்தார்கள். காலனியில் மொத்தம் நானூற்று முப்பது வீடுகள்.