கிடாய்க்கு வெந்நீர் வைத்தவன்

புதிதாகச் சைவமானவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியாது. அவன் உங்கள் இலையையே பார்ப்பான். பெருமூச்சு விடுவான். பிறகு, நீங்கள் கேட்காமலேயே, கோழிக்கும் அம்மா உண்டு என்பான். அப்படி ஒருவனோடு நான் சில மாதம் வாழ்ந்திருக்கிறேன். தப்பிக்க வழியில்லை, அவன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். சிநேகிதன் இழுக்கிறானே என்று மதுரையில் ஒரு தியான வகுப்புக்குப் போனேன். போகும்போது பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கோழி பிரியாணி தின்றுவிட்டுப் போனவன், திரும்பி வரும்போது பிறந்தநாள் கேக்கை முகர்ந்து பார்த்து முட்டை வாடை அடிக்கிறது என்று ஒதுக்குகிற ஆளாக வந்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்றைக்கும் நான் சைவம்தான். நான் மாறியதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் குலசாமியையும் மாற்றக் கிளம்பினேன்.

குரங்கணிக்கு மேலே, ஜீப்பு போகிற மண்பாதை முடியும் இடத்தில், காப்பிச் செடிகளுக்கு நடுவே எங்கள் சோலையம்மன் இருக்கிறாள். தகரக் கூரை, ஒரு கல், கல்லுக்கு ஒரு பட்டுப் பாவாடை, அவ்வளவுதான் கோயில். வாசலுக்கு வெளியே கொஞ்சம் தள்ளி, அரிவாளோடு காவலுக்குக் கருப்பன். தை மாதம் பங்காளிகள் எல்லாரும் மேலே ஏறி, பொங்கல் வைத்து, அம்மன் வாசலிலேயே கிடா வெட்டி, சாப்பிட்டுவிட்டு இறங்குவோம். பூசை செய்வது என் பெரியப்பா. போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் கங்காணியாக இருந்து ஓய்ந்தவர். சத்தம் போட்டே பழகிய தொண்டை, மனசு மட்டும் பஞ்சு.

அந்த வருசத்துக் கிடா தனம் அக்காவின் கிடா. தனம் பெரியப்பாவின் ஒரே மகள். ரொம்ப வருசம் காத்திருந்து, பார்க்காத வைத்தியமெல்லாம் பார்த்து, அவளுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பிறந்தால் பிறந்த வீட்டுச் சாமிக்குக் கிடா வெட்டி, அங்கேயே காது குத்துகிறேன் என்று நேர்ந்திருந்தாள். அவளுக்குக் கூடப் பிறந்த தம்பி கிடையாது. சித்தப்பன் மகனான நான்தான் குழந்தைக்குத் தாய்மாமன். என் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும்.

இந்த நேரத்தில்தான் நான் பெரியப்பா வீட்டு நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து (வகுப்பில் அப்படித்தான் உட்காரச் சொல்லியிருந்தார்கள்) ஒரு கேள்வி கேட்டேன்.

"பெத்த தாய் பிள்ளையோட ரத்தத்தைக் கேப்பாளா பெரியப்பா? ஆடும் அவ பிள்ளைதானே?"

பெரியப்பா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "நம்ம என்ன திங்கிறமோ அதைத்தானே அப்பு ஆத்தாளுக்கும் வைக்கிறோம். நீ நேத்து மாறுனே. அவளை எதுக்கு இன்னைக்கே மாறச் சொல்றே?"

நல்ல பதில். இப்போது யோசித்தாலும் நல்ல பதில்தான். ஆனால் பதில் நல்லதா என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. "இதெல்லாம் அறியாமை பெரியப்பா" என்றேன். அந்த மனுசன் என்னைத் தோளில் உட்கார வைத்து அதே கோயிலுக்கு மலை ஏறியவர். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். "நேத்துப் பய" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

விசயம் அப்பா காதுக்குப் போனது. என் அப்பாவுக்கு ஆட்டுக்கறி என்றால் உயிர். நல்லி எலும்பைத் தட்டில் தட்டுகிற சத்தத்தை வைத்தே இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று தெரு சொல்லிவிடும். ஆனால் அண்ணன் தன் மகனைப் பய என்று சொன்னதைக் கேட்டதும் அன்றைக்குச் சாயங்காலமே அவரும் சைவமானார். அவருக்காக வேறு சில வீடுகளும் எங்கள் பக்கம் வந்தன. ஊர் ரெண்டு பட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கூத்தாடி நான்தான். நான்கு பேர் கூடினால் போதும், கண்ணை மூடிக்கொண்டு பேச ஆரம்பித்துவிடுவேன்.

கடைசியில் பிடிமண் எடுத்துவிடலாம் என்று முடிவானது. குலசாமியைப் பிரிப்பது என்றால் எங்கள் பக்கம் அதுதான் முறை. பழைய கோயில் வாசலில் ஒரு பிடி மண்ணை அள்ளிக்கொண்டு வந்து வேறு இடத்தில் வைத்தால் அங்கே புதுக்கோயில். அதற்குப் பிறகு அவர்கள் நல்லது கெட்டதுக்கு நாம் போக வேண்டியதில்லை, அவர்களும் வர வேண்டியதில்லை. போடியில் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே இடம்கூடப் பார்த்துவிட்டேன்.

தனம் அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். திண்ணென்று என் முன்னால் நின்றாள்.

"மண்ணை அள்ளிட்டு எங்க வேணாலும் போடா. என் பிள்ளைக்கு மடி குடுக்கிறது யாரு?"

"மடி நான் தர்றேன்க்கா. கிடா வெட்டுற எடத்துல தரமாட்டேன்."

"நேந்தது நேந்ததுதானடா. மாத்துனா பிள்ளைக்கு எதுவும் ஆயிருமோன்னு எனக்குப் பயமா இருக்கு. உனக்கு அது புரியவே இல்லையா?"

புரிந்தது. புரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன். கொள்கைவாதிகளுக்கு அந்த முகம் சீக்கிரம் வந்துவிடும்.

அவள் அழுததைப் பார்த்துப் பெரியப்பாவே இறங்கி வந்தார். "நீயும் சொல்ல வேணாம், நானும் சொல்ல வேணாம். ஆத்தாகிட்டயே உத்தரவு கேப்போம். கிடா சிலுப்புனா வெட்டுவோம், நீங்க மண்ணை எடுத்துக்கங்க. சிலுப்பலையா, இனிமே எந்தக் காலத்துக்கும் வெறும் பொங்கல்தான். தண்ணிய நீயே ஊத்து" என்றார். வெட்டுவதற்கு முன்னால் கிடாயின் தலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவோம். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி சம்மதித்தது என்று அர்த்தம். சிலுப்பாத கிடாயை யாரும் தொடமாட்டார்கள்.

நான் ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதற்குக் காரணம் பக்தி இல்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டால் ஆடு சிலுப்பும், அது ஆத்தாள் உத்தரவு இல்லை, ஆட்டுத் தோலின் இயற்கை என்பது என் அறிவியல். அப்படியானால் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றினால்? (அறிவாளிக்கு மூளை எப்படி வேலை செய்கிறது பாருங்கள்.)

தை மாதக் காலையில், என் மச்சான், அதாவது தனம் அக்காவின் புருசன், ஓட்டுகிற ஜீப்பில் ரெண்டு கட்சியும் ஒன்றாகவே ஏறினோம். வேறு ஜீப்பு கிடைக்கவில்லை. சட்டியும் பானையும் அரிசியும் லோடு ஏற்றி, அதற்கு மேல் அவர்கள் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நடுவில் கிடா. என் மடியில் ஒரு பெரிய பிளாஸ்கு. டீயா என்று மச்சான் கேட்டார். கசாயம், தொண்டை கட்டியிருக்கிறது என்றேன்.

மேலே மூட்டம் தரையைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. மற்றவர்கள் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது நான் ரெண்டு காரியம் செய்தேன். வாசலில் குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, பேப்பரில் பொட்டலம் கட்டி, என் வெள்ளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். உத்தரவு எதுவாக இருந்தாலும் பிரிந்துபோவது என்று நான் ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தேன் என்பது அந்தப் பொட்டலத்துக்கு மட்டும்தான் தெரியும். பிறகு கோயிலுக்குப் பின்னால் போய், பிளாஸ்கு வெந்நீரைச் செம்பில் ஊற்றி, மஞ்சள் கரைத்து, கை பொறுக்கிற சூடாக்கி, வேப்பிலையால் மூடிக் கொண்டுவந்தேன்.

பெரியப்பா சூடம் காட்டினார். எல்லாரும் கும்பிட்டு நின்றோம். நான் கிடாயின் கழுத்தில் தொடங்கி முதுகு வரைக்கும் தாராளமாக ஊற்றினேன். கிடா சிலுப்பவில்லை. சிலுப்பாதது மட்டுமில்லை, கண்ணைச் சொக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றேன் என்கிற மாதிரி என் பக்கம் நகர்ந்து நின்றது. பாவம், பிறந்ததிலிருந்து அதற்கு யாரும் அப்படி ஓர் உபசாரம் செய்ததில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். அசைபோட ஆரம்பித்தது.

நான் ஜெயித்துவிட்டேன். அப்பா மீசையைத் தடவினார். திரும்பித் தனம் அக்காவைப் பார்த்தேன். அவள் குழந்தையை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு, உதடெல்லாம் வெளுத்து, "ஆத்தா, என் நேத்தி உனக்கு வேணாமா? என் பிள்ளைக்கு என்ன ஆத்தா குறை வச்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் குரலைக் கேட்டதும், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறப்பதற்குள் யாரோ கத்தினார்கள்.

"கிடா மேல புகையுது பாருங்க."

உண்மைதான். அந்தக் குளிரில் கிடாயின் முதுகிலிருந்து வெள்ளை வெளேரென்று ஆவி கிளம்பி, மூட்டத்தோடு கலந்து, மேலே போய்க்கொண்டிருந்தது. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ரெண்டு கட்சியும் தரையில் விழுந்து கும்பிட்டது. அப்பாவும் விழுந்தார். நிமிர்ந்து நின்றவர்கள் நானும் மச்சானும் மட்டும். தினமும் காலையில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கிற மனுசனுக்கு எது சாமி, எது ஆவி என்று தெரியாதா? கிடா முதுகில் கையை வைத்தார். என் செம்புக்குள் விரலை விட்டார்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைய நானும் கேட்டிருக்கேன் மாப்ளே. ஆட்டுக்கு வெந்நி வச்சுக் குளிப்பாட்டுற ஓநாய இன்னைக்குத்தான் பாக்குறேன்."

விழுந்து கும்பிட்டவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டார்கள். அப்பா என்னைப் பார்க்கவே இல்லை. பெரியப்பா அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நின்றார். தனம் அக்காதான் அசைந்தாள். குழந்தையை மச்சானிடம் கொடுத்தாள். ஓடையிலிருந்து மொண்டு வைத்திருந்த குடத்தைத் தூக்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள்.

"அதுகிட்ட கேட்டது போதும். நீ சொல்லுடா" என்று குடத்தை அப்படியே என் தலையில் கவிழ்த்தாள்.

அந்தத் தண்ணீரின் குளிரைச் சொல்ல எனக்குத் தமிழ் போதாது. உச்சந்தலையில் விழுந்தது உள்ளங்காலுக்குப் போவதற்குள், நான் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பினேன். சும்மா இல்லை, காதெல்லாம் ஆடியது. பக்கத்தில் நின்றவர்கள் மேலெல்லாம் தெறித்தது.

மச்சான் முகத்தில் தெறித்ததைத் துடைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "உத்தரவு கெடச்சிருச்சு. அரிவாள எடுங்க மாமா."

பெரியப்பா சிரிக்கக்கூடாது என்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அப்பா வேறு பக்கம் திரும்பி நின்றார். அவர் தோளும் குலுங்கியது. இரண்டு பேரும் தற்செயலாக ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டார்கள். அவ்வளவுதான், அண்ணனும் தம்பியும் கோயில் வாசலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மாதக்கணக்கில் பேசாதவர்கள். அப்போதுதான் பெரியப்பா என் சட்டையைக் காட்டி, "அது என்னடா?" என்றார். பையிலிருந்த பேப்பர் கரைந்து, பிடிமண் சேறாகி, சட்டை, வேட்டி என்று வழிந்து, அள்ளிய வாசலிலேயே சொட்டிக்கொண்டிருந்தது. புதுக்கோயில் அந்த இடத்திலேயே முடிந்தது.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குக் காரியம் முக்கியம். "ஆத்தாளுக்குப் பொங்கல் மட்டும் வைங்க. கிடா கருப்பனுக்கு. நடுவுல ஜீப்பு படுதாவக் கட்டுங்க. பாக்க மாட்டேங்கிறவன் படுதாவுக்கு இந்தப் பக்கம் இருக்கட்டும், திங்கிறவன் அந்தப் பக்கம் திங்கட்டும். என் பிள்ளைக்கு ரெண்டு பக்கமும் வேணும்" என்றாள். வேறு ஊர்க் கோயில்களில் திரை போட்டுக் கிடா வெட்டுவதை நாங்கள் எல்லாருமே பார்த்தவர்கள்தான். சண்டைக்காரர்கள் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. பெரியப்பா கிடாயின் மேல் ஓடைத் தண்ணீரைத் தெளித்தார். உடனே சிலுப்பியது. (துரோகி.)

படுதாவுக்கு இந்தப் பக்கம், பெரியப்பாவின் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குழந்தையை மடியில் வைத்து உட்கார்ந்தேன். நடுக்கம் நிற்கவில்லை. காது குத்த வந்திருந்த ஆசாரி ஊசியை எடுத்துவிட்டு, "மாமன் ஆடாம இருங்க, காது தப்பிரும்" என்றார். ஆடாமல் இருக்க முடிந்தால் எனக்கு ஏன் இந்த நிலைமை? கடைசியில் ஒரு தோளை அப்பா அமுக்கினார், இன்னொரு தோளைப் பெரியப்பா அமுக்கினார். இரண்டு பேரும் சேர்ந்து பிடித்த பிறகுதான் நான் அசையாமல் இருந்தேன். குழந்தை வீறிட்டது. எனக்கும் அழுகை வந்தது. குளிரால் என்று சொல்லிக்கொண்டேன்.

பிரியவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. மனசுக்கு ஒவ்வாததைச் செய்யச்சொல்லி யாராவது கையைப் பிடித்து இழுத்தால், உதறிவிட்டுப் போகத்தான் வேண்டும். ஆனால் என் இலையில் யாரும் கறி வைக்கவில்லை. மற்றவர்கள் இலையிலிருந்து அதை எடுக்கத்தான் நான் கோயிலையே உடைக்கப் பார்த்தேன். இப்போதும் ஒவ்வொரு தையிலும் அந்தப் படுதா கட்டப்படுகிறது. நான் இந்தப் பக்கம் பொங்கல் கிண்டுகிறேன். அப்பா தொடக்கத்தில் என் பக்கம்தான் உட்காருவார். குழம்பு கொதிக்கிற வாசம் வந்ததும், அண்ணனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று அந்தப் பக்கம் போய்விடுவார்.

என் நிச்சயதார்த்தத்தில், பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குச் சம்மதமா என்று சபையில் கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் பெரியப்பா பன்னீர்ச் செம்பை எடுத்து என் தலையில் தெளித்தார். எங்கள் பக்கத்து ஆட்கள் மொத்தமும் சிரித்தது. பெண் வீட்டார் பயந்துபோனார்கள். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் என்னிடம் யாரும் வாயால் சம்மதம் கேட்பதில்லை. காது குத்திக்கொண்ட அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன வாரம் டூருக்கு அப்பா விடமாட்டேன் என்கிறார், நீங்கள் சொல்லுங்கள் மாமா என்று வந்து நின்றாள். கையில் ஒரு டம்ளர் தண்ணீர்.

"பச்சைத் தண்ணியா, வெந்நியா?" என்று கேட்டேன்.

"ஃப்ரிட்ஜ் தண்ணி மாமா" என்றாள்.

தலையைக் குனிந்து கொடுத்தேன்.