மாசி வீட்டு விருந்தாளி

"கலியாணப் படத்தையும் கழட்டும், ரதி. அதுதான் முதல் சாட்சி."

கணவன் சொன்னபடி ரதிதேவி கதிரையில் ஏறிப் படத்தைக் கழற்றினாள். சுவரில் வெளிறிய சதுரம் ஒன்று பல்லை இளித்தது.

அவள் கணவன் தியாகலிங்கம் உழைப்பது சிட்னியில். குடும்பம் இருப்பது நியூசிலாந்தில், ஓக்லாந்து நகரின் மாசிப் பகுதியில். அங்கே வரி கட்டிவிட்டு லீவில் வந்து போகிற மனிதனிடம், 'உமது வீடு இங்கேதானே, இங்கேயும் கட்டும்' என்றால் வயிறு எரியாதா? அந்தக் காசும் போனால், வீட்டுக் கடனுக்காக இன்னுமொரு வருசம் சிட்னியில் கிடக்க வேண்டும். அவருடைய வீடு இதுதானா என்று பார்க்க நாளைக்கு வரிக் கந்தோரிலிருந்து ஆள் வருகிறது.

பக்கத்து நியூ லின்னில் டெய்ரி என்கிற சில்லறைக் கடை வைத்திருக்கும் செபஸ்ரியன்தான் வழி சொன்னவர்.

"வீடு மனிசியின்ர. நீ வந்து போற விருந்தாளி. விசயம் முடிஞ்சுது."

தியாகலிங்கத்தின் சாரம், செருப்பு, சவர சாமான் எல்லாம் அன்றே செபஸ்ரியன் வீட்டுக்குப் போய்விட்டன. மிஞ்சியது கோட்டும் டையும்தான். சுவர்ச் சதுரத்தை மறைக்கச் செபஸ்ரியன் தன் கடைக் கலண்டரைக் கொடுத்தார். அதில் மாதா சிரித்துக்கொண்டிருந்தார்.

"இனி நாங்கள் கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினதுக்கும் கணக்குச் சொல்லவேணும்," என்றாள் ரதிதேவி.

கடைசியாகத் தியாகலிங்கம் நான்கு வயது மகள் கிருசாந்தியை மடியில் இருத்தினார்.

"நாளைக்கு ஆன்ரி ஒராள் வருவா. அவவுக்கு முன்னால என்னை மாமா எண்டு கூப்பிடவேணும், என்ன?"

"ஓகே, மாமா."

ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு சிணுங்கல் இல்லை. "என்ர பிள்ளை கெட்டிக்காரி!" என்று தியாகலிங்கம் பூரித்துப் போனார். ரதிதேவி பிள்ளையை ஒருதரம் பார்த்துவிட்டுக் குசினிக்குப் போனாள்.

மறுநாள் மழை இருட்டோடு வரிக் கந்தோரிலிருந்து ஒரு வெள்ளைக்கார அம்மா வந்தார். தியாகலிங்கம் சோபா நுனியில் டையோடு அமர்ந்து, "நானும் விருந்துக்கு வந்தனான்," என்று ஆங்கிலத்தில் அறிமுகமானார். விருந்தென்று சொன்னபின் வெறும் தேத்தண்ணி கொடுக்க முடியுமா? ரதிதேவி வடைச் சட்டியை அடுப்பில் வைத்தாள், கேத்திலைப் போட்டாள். விருந்தாளிக்குக் குளிருமே என்று தியாகலிங்கம் ஹீட்டரையும் தட்டிவிட்டார்.

பட்டென்று ஃபியூஸ் போய் வீடே இருண்டது.

"ஐயோ, எண்ணெய் கொதிக்குது! இஞ்சாருங்கோ!"

தியாகலிங்கத்துக்குக் கால் தானாக நடந்தது. கும்மிருட்டில் கதிரை, மேசை ஒன்றிலும் இடிபடாமல் போய், அலுமாரிக்குப் பின்னால் கைவிட்டு, தானே செருகி வைத்திருந்த ஃபியூஸ் வயரை இழுத்தெடுத்து ஃபியூஸ் பெட்டியில் மாட்டினார். வெளிச்சம் வந்தது. வெற்றி வீரராகக் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

அந்த அம்மா புன்னகைத்தார். "விருந்தாளிக்கு வீடு நல்ல பழக்கம் போலிருக்கிறது."

தியாகலிங்கம் மனைவி பக்கம் திரும்பித் தமிழுக்குத் தாவினார். "ரதி, என்ன சொல்றது?"

"இனியாவது உள்ளதைச் சொல்லுங்கோ."

அவர் டையைத் தளர்த்தினார். பொய் கழன்ற மாதிரி நெஞ்சும் இலேசானது. போனால் ஒரு வருசம் போகட்டும்!

"மன்னியுங்கள். இது என் வீடுதான். இவள் என் மனைவி. அது என் மகள்."

அந்த அம்மா தலையசைத்துவிட்டு, வடையோடு வந்து நின்ற கிருசாந்தியிடம் குனிந்தார். "அப்படியா, செல்லம்? இவர்தான் உன் அப்பாவா?"

"சொல்லு குஞ்சு," என்றார் தியாகலிங்கம். "இனி மாமா எண்டு சொல்லத் தேவையில்லை. உள்ளதைச் சொல்லு."

கிருசாந்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மூலையிலிருந்த டெலிபோனைக் கை காட்டி, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்:

"இல்லை. என்ர டடி அதுக்குள்ள இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில மட்டும்தான் கதைப்பார்."